கார்னாட்டிக்: பவளத்திட்டின் மேல் கழிந்த 34 மணி நேரம்

1869 செப்டம்பரில் செங்கடலில் உடைந்த பி அண்ட் ஓ என்ற பிரிட்டிஷ் கப்பல் கம்பெனியின் 'கார்னாட்டிக்' நீராவிக் கப்பலைப் பற்றிப் பேசுகிறவர்கள், ராத்திரிக் கண்காணிப்பு சரியில்லை என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். விசாரணையும் அதைத்தான் சொன்னது. சரிதான். ஆனால் 31 பேர் செத்தது அதனால் மட்டும் இல்லை.

கப்பலைக் குறை சொல்ல முடியாது. 1862இல் லண்டன் சமுதா சகோதரர்கள் கட்டியது. சுமார் 90 மீட்டர் நீளம், இரும்புச் சட்டகம், எஞ்சினோடு பாய்மரமும் உண்டு. சூயஸ் கால்வாய் திறக்க அப்போது இன்னும் இரண்டு மாதம். இங்கிலாந்துச் சரக்கு அலெக்சாந்திரியாவில் இறங்கி, ரயிலில் வந்து, சூயஸில் மறுபடி கப்பலேறும். பஞ்சுப் பொதி, செப்புத் தகடு, தபால், 40,000 பவுண்டு மதிப்புள்ள நாணயம், 210 பேர். போகிற இடம் பம்பாய்.

செப்டம்பர் 13, அதிகாலை 1.18. ஷத்வான் தீவுக்கு வடக்கே அபு நுஹாஸ் பவளத்திட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது. பம்பு தாக்குப்பிடிக்கிறது, கம்பெனியின் 'சுமத்ரா' இந்த வழியாக வரவேண்டியது, அதுவரை கப்பலிலேயே இருக்கலாம் என்று கேப்டன் ஜோன்ஸ் முடிவு செய்தார். பாரம் குறைக்கப் பஞ்சுப் பொதிகளைக் கடலில் தள்ளச் சொன்னார். பயணிகள் கெஞ்சியும் படகை இறக்கவில்லை.

இந்தக் கணக்கில்தான் ஓட்டை. கொதிகலன் இருப்பது கப்பலின் அடியில். உள்ளே தண்ணீர் ஏறினால் முதலில் அணைவது அதன் அடுப்புதான். அது அணைந்தால் நீராவி இல்லை, நீராவி பம்பும் இல்லை. கசிவு ஓர் அளவைத் தாண்டிவிட்டால் பிறகு தடுக்க எதுவுமே மிஞ்சாது. பாரம் குறைப்பதும் இரண்டு பக்கமும் வெட்டும். மிதந்து வெளியே வரும் என்றால் நல்லது. வராது என்றால், இலேசான கப்பலை அலை இன்னும் அதிகமாகத் தூக்கிப் போடும். நடுப்பகுதி திட்டில் தாங்க, பின்புறம் தாங்கலில்லாமல் நிற்கும்போது, அத்தனை அடியும் சட்டகத்தின் ஒரே இடத்தில் விழும்.

14ஆம் தேதி அதிகாலை 2 மணிக்குத் தண்ணீர் கொதிகலனை மூழ்கடித்தது. அப்போதாவது இறங்கியிருக்கலாம். காலை 11 மணிக்குத்தான் அனுமதி கிடைத்தது. பெண்களையும் ஒரு குழந்தையையும் படகில் உட்கார வைத்துக்கொண்டிருக்கும்போதே கப்பல் இரண்டாக முறிந்தது.

தப்பியவர்கள் ஷத்வானுக்குப் படகில் போய்ச் சேர்ந்தார்கள். அங்கிருந்து அவர்களை ஏற்றிக்கொண்டது அதே சுமத்ராதான். நவம்பர் தொடக்கத்துக்குள் முக்குளிப்பவர்களை இறக்கி அந்த நாணயத்தில் 32,000 பவுண்டு மதிப்புள்ளதை மீட்டுவிட்டார்கள்.

கேப்டனின் சான்றிதழை 9 மாதம் நிறுத்திவைத்தார்கள். 13ஆம் தேதி பகல் முழுக்கப் படகுகள் கையிலிருந்தன, போய்ச் சேரும் தூரத்தில் தீவும் இருந்தது. என்னைக் கேட்டால், தண்டனையின் பெரும்பங்கு அந்தப் பகலுக்குத்தான் கிடைத்திருக்க வேண்டும்.