கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தான் இருக்குமா?

போன மாசம் ரேஷன் கடையில் அம்மாவின் கைரேகை ஏறவே இல்லை. விரலைத் துடைத்துத் துடைத்து நாலு தடவை வைத்துப் பார்த்தார். "சர்வர் எடுக்கலம்மா, நாளைக்கு வாங்க" என்றார் கடைக்காரர். கோளாறு விரலிலா, மெஷினிலா, சர்வரிலா? அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அரிசி ஒரு நாள் தள்ளிப்போனதோடு விஷயம் முடிந்தது. ஆனால் அந்த வெயிலில் நிற்கும்போது எனக்கு சீமா மிஸ்ரா ஞாபகம் வந்தது.

இங்கிலாந்தில், சர்ரே பக்கம் ஒரு சின்ன போஸ்ட் ஆபீஸ் நடத்தியவர். அங்கே பல தபால் நிலையங்களை ஒப்பந்தத்தில் எடுத்து நடத்துபவர்கள் சப் போஸ்ட்மாஸ்டர்கள். வரவு செலவெல்லாம் ஹொரைசன் என்ற மென்பொருளில். 1999இல் வந்தது, நடத்தியது ஃபுஜிட்சு என்ற ஜப்பானிய நிறுவனம். ஹொரைசன் காட்டும் தொகை கல்லாவில் இல்லையென்றால், குறைவதைக் கைக்காசு போட்டு அடைக்க வேண்டும். முடியாதவர்கள் மேல் திருட்டு வழக்கு, பொய்க்கணக்கு வழக்கு. சீமாவுக்குத் துண்டு விழுந்தது 74,000 பவுண்டுக்கு மேல். 2010 நவம்பரில் 15 மாதச் சிறைத் தண்டனை விதித்தார்கள். அப்போது அவர் கர்ப்பிணி.

1999க்கும் 2015க்கும் இடையில் இப்படித் தண்டிக்கப்பட்டவர்கள் 900 பேருக்கு மேல். உதவி எண்ணுக்கு போன் போட்டுக் கதறிய பலருக்குக் கிடைத்த பதில், "வேற யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லையே." ஒரே பொய்யை ஆளுக்கொரு தடவை தனித்தனியாகச் சொன்னால் அது நிஜம் மாதிரியே இருக்கும்போல.

எனக்கு வயிறு எரிவது இதற்கில்லை. முன்பெல்லாம் அங்கே கம்ப்யூட்டர் கணக்கைச் சாட்சியாக வைப்பவர்தான் அது ஒழுங்காக வேலை செய்ததென்று காட்ட வேண்டும். அந்த விதியை 1999இல் தூக்கிவிட்டார்கள். அதன்பின் கம்ப்யூட்டர் சரியாகவே இருந்தது என்பதுதான் நீதிமன்றத்தின் அனுமானம். இல்லையென்று சொல்பவர் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். ஆதாரம் எங்கே? ஃபுஜிட்சுவின் பிழைப் பதிவேட்டில். பூட்டும் அவர்களிடம், சாவியும் அவர்களிடம்.

சீமாவின் வழக்கு நடந்த அதே 2010இல், ஹொரைசனில் இருந்த ஒரு பிழையைப் பற்றிய குறிப்பு போஸ்ட் ஆபீஸின் வழக்கறிஞர்களுக்கே வந்திருந்தது. சீமா தரப்புக்கு அது போகவில்லை. பிறகு முன்னாள் சப் போஸ்ட்மாஸ்டர் ஆலன் பேட்ஸும் மற்றவர்களுமாக 555 பேர் போஸ்ட் ஆபீஸ் மேல் வழக்குப் போட்டபோதும், அந்தப் பிழைப் பதிவேடு வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்று போஸ்ட் ஆபீஸ் தரப்பு வாதாடிப் பார்த்தது. அது வெளியே வந்த பிறகுதான் கதை மாறியது. கிளைக் கணக்கை ஃபுஜிட்சு ஆட்கள் தூரத்திலிருந்தே மாற்ற முடியும் என்பதும் அம்பலமானது. ஹொரைசனில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் தீர்ப்பு, 2021 ஏப்ரலில் சீமா உட்பட 39 பேரின் தண்டனை ரத்து.

ஓப்பன் சோர்ஸ், அதாவது மூலநிரலை யாரும் படிக்கும்படி திறந்து வைக்கும் மென்பொருள், என்றாலே செலவு மிச்சம், லைசென்ஸ் தொல்லை இல்லை என்றுதான் நம்மாட்கள் பேசுகிறோம். (நானும் பத்து வருஷமாக அதைத்தான் பேசினேன்.) எனக்கு இப்போது அது இரண்டாம்பட்சம். கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சீமா மூலநிரலைப் படித்திருப்பாரா? மாட்டார். அவருக்காக வாதாடும் வக்கீல் ஒரு நிபுணரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாம். அதைவிட முக்கியம், அடுத்த ஊர் போஸ்ட்மாஸ்டர் அதே பிழையைப் பற்றிப் புகார் எழுதியிருப்பதைப் பார்த்திருக்கலாம். நிரலை மட்டும் திறந்து, பிழைப் பட்டியலைப் பூட்டி வைத்தால் பாதிக் கிணறுதான்.

திறந்தால் திருடன் நுழைவான் என்பவர்கள் ஜெர்மனியைப் பார்க்கலாம். 2020 ஜூனில் வந்த கொரோனா செயலியை எழுதியவை எஸ்ஏபி, டாய்ச்ச டெலிகாம் என்ற இரண்டு நிறுவனங்கள். நிரல் வெளியீட்டுக்கு முன்பே பொதுவெளியில் இருந்தது. வெளியாட்கள் குறை சொன்னார்கள், திருத்தினார்கள். இங்கே ஆரோக்கிய சேதுவின் ஆண்ட்ராய்டு நிரலை 2020 மே 26 அன்று திறந்தார்கள், நல்ல விஷயம். ஆனால் நம் விவரம் போய்ச் சேரும் சர்வர் பக்கத்து நிரல் அன்று அதில் இல்லை. அரசு செயலிகளின் நிரலைத் திறக்கவென்றே 2015இல் மத்திய அரசு கொள்கை வெளியிட்டிருந்தும் இந்த நிலை. ஆர்டிஐ போடலாமே என்பீர்கள். வணிக ரகசியம் என்று மறுக்க 8(1)(டி) பிரிவு தயாராக இருக்கிறது.

அரசு மென்பொருள் வாங்கும் டெண்டரில் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன்: பிழைப் பதிவேடு அரசின் சொத்து, ஒரு குடிமகன் மேல் அந்தக் கணக்கை வைத்துக் குற்றம் சாட்டினால் அதை அவர் கேட்காமலே கொடுக்க வேண்டும். டெண்டர் எழுதும் வேலையில் இருப்பவர்கள் என் நண்பர்கள் பட்டியலில் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். இந்த வரியை எழுதினால் மேலிடத்தில் யார் அதை அடித்து நீக்குவார்கள், என்ன காரணம் சொல்லி நீக்குவார்கள்? கமெண்டில் வேண்டாம், இன்பாக்ஸில் சொல்லுங்கள்.