காற்றை எதிர்த்தும் பாய்க்கப்பல் ஏறும்

அண்ணாச்சி, "பெரிய பாய்மரக் கப்பல் காற்று தள்ளுற பக்கம் மட்டும்தான் போகும், கப்பலோட்டப் படிக்கிற பிள்ளைக்குப் பாய்மரம் ஏறத் தெரிஞ்சாப் போதும்" என்று எழுதியிருக்கீங்க. இரண்டுமே தவறு.

1997-ல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த பயிற்சிக் கப்பல் தரங்கிணிக்கு மூன்று பாய்மரம். முன்னிரண்டில் பாய் கட்டும் குறுக்குக் கட்டைகளான பருமல்கள், பின்மரத்தில் நீளவாக்குப் பாய். இந்த வகைக் கப்பல் காற்று வரும் திசைக்குச் சுமார் 60, 65 பாகை வரை நெருங்கி ஓடும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்றில் தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரிக்கு இறங்க வேண்டுமென்றால் வளைந்து வளைந்துதான் போகணும். 65 பாகையில் ஓடினால், எதிர்க்காற்றில் ஒரு மைல் முன்னேற ஏறக்குறைய இரண்டரை மைல் ஓட்டம். பக்கவாட்டில் நழுவுவது தனி. வேகம் போதாமல் முகப்பைக் காற்றுக்குள் திருப்பினால் கப்பல் நடுவில் நின்று பின்னோக்கி நகரும். அப்போது பின்புறத்தைக் காற்றுக்குக் காட்டிச் சுற்றித் திரும்பணும். கொஞ்சம் தூரம் இழப்புதான், ஆனால் பத்திரம்.

பாய்மரம் ஏறுவதற்கு முன்னால் கயிற்றைக் கையாளத் தெரியணும். பாரம் ஏறிய கயிற்றை, அதைச் சுற்றிக் கட்டியிருக்கும் முளையிலிருந்து அவிழ்க்கும்போது எல்லாச் சுற்றையும் ஒரேயடியாக எடுக்கக் கூடாது. கடைசிச் சுற்றை விட்டுவைத்து, அதன் உராய்வில் மெல்ல இளக்கணும். இல்லையென்றால் கயிறு பாய்ந்து உள்ளங்கைத் தோலை உரித்துவிடும். சுருட்டிய கயிற்றுக்குள் கால் வைக்கவே கூடாது, பிள்ளைகள் அடிக்கடி செய்யும் தப்பு இது.

ஏறுவது காற்று வரும் பக்கத்துக் கயிற்றேணியில். காற்று ஆளை ஏணியோடு சேர்த்து அழுத்தும். மறுபக்கம் ஏறினால் வெளியே தள்ளும்.