ஆயுள் என்றால் ஆயுள்: தூக்குக் கேட்கும் நண்பர்களுக்கு

பிள்ளையொன்று கொல்லப்பட்ட செய்தி வந்துவிட்டால் போதும், எங்கள் மட்டக்களப்பு, அம்பாறை முகநூல் பக்கங்கள் எல்லாம் ஒரே குரலில் பேசத் தொடங்கிவிடும். "தூக்கில் போடுங்கள்." "இவனுக்கெல்லாம் விசாரணை எதற்கு?" "அரபு நாட்டுச் சட்டம் இங்கேயும் வரவேண்டும்." எழுதுகிறவர்கள் கொடியவர்கள் அல்லர். பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர்கள், என் சொந்தக்காரர்கள். அவர்களுடைய கோபம் எனக்கும் உண்டு. ஆனாலும் தூக்குத் தண்டனை வேண்டாம் என்றே நான் சொல்வேன். ஏன் என்பதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுத்து வாசியுங்கள்.

மரண தண்டனை இந்த நாட்டில் இல்லை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சட்டத்தில் அது இருக்கிறது. நீதிமன்றங்கள் இன்றும் விதிக்கின்றன. நிறைவேற்றுவதுதான் இல்லை. கடைசியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டது 1976 ஜூன் மாதத்தில். அதன்பின் வந்த எந்த ஜனாதிபதியின் காலத்திலும் அந்தக் கதவு திறக்கவில்லை.

மேல் நீதிமன்றத்தில் ஒரு கொலை வழக்கின் தீர்ப்பு நாளன்று பின்வாங்கில் இருந்து பார்த்திருக்கிறேன். விளக்குகளை அணைத்தார்கள், மின்விசிறிகள் நின்றன. எல்லோரும் எழுந்து நின்றோம். ஜனாதிபதி தீர்மானிக்கும் நாளில், உயிர் பிரியும்வரை தூக்கிலிடப்படவேண்டும் என்று நீதிபதி வாசித்து முடித்துப் பேனாவை முறித்தார். கொல்லப்பட்ட பையனின் தாய் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அசையாமல் நின்றார். வெளியே வந்ததும் அவர் சட்டத்தரணியிடம் கேட்ட முதல் கேள்வி, "எப்போது ஐயா தூக்கிலிடுவார்கள்?" சட்டத்தரணி பதில் சொல்லாமல் கோப்பைக் கட்டிக்கொண்டிருந்தார். என்ன சொல்வார்? அப்படியொரு நாள் வராது என்பது அங்கே நின்ற அத்தனை அதிகாரிகளுக்கும் தெரியும், அந்தத் தாய் ஒருவருக்குத்தான் தெரியாது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்திக்கு அரசாங்கம் இப்படிப் பொய் வாக்குக் கொடுக்கலாமா?

பொய் வாக்கு என்பதற்கு யாழ்ப்பாணத்து மிருசுவிலைப் பாருங்கள். 2000 டிசம்பரில், தாங்கள் விட்டு இடம்பெயர்ந்திருந்த வீடு வாசலைப் பார்க்கப் போன எட்டுத் தமிழர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதில் சிறுவர்களும் இருந்தார்கள். வழக்கு முடிய 2015 ஆகிவிட்டது. இராணுவ சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்க ஒருவருக்கு மட்டும் மரண தண்டனை. 2019 இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில், கொரோனா முடக்கத்துக்குள் நாடே வீட்டில் அடைபட்டிருந்தபோது, ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச ஒரு கையெழுத்தில் அவரை விடுதலை செய்துவிட்டார். சட்டப் புத்தகத்தில் உள்ள ஆகக் கடுமையான தண்டனைதான் அது. அந்த எட்டுப் பேரின் குடும்பங்களுக்கு அதனால் என்ன கிடைத்தது?

மைத்திரிபால சிறிசேன 2019 ஜூனில் போதைப்பொருள் கைதிகள் நால்வரைத் தூக்கிலிடக் கையெழுத்திட்டதாக அறிவித்தார். அலுகோசு வேலைக்கு, அதாவது தூக்கிலிடுகிறவர் வேலைக்கு, பத்திரிகையில் விளம்பரமும் போட்டார்கள். உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டதால் அது நின்றது. அதே சிறிசேன அதே ஆண்டு நவம்பரில், பதவி முடியும் தறுவாயில், ரோயல் பார்க் தொடர்மாடியில் ஓர் இளம்பெண்ணைக் கொன்ற வழக்கில் மரண தண்டனை பெற்றிருந்த வசதியான வீட்டு இளைஞனுக்கு மன்னிப்புக் கொடுத்தார். அந்த மன்னிப்புச் செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொல்வதற்கு 2024 ஆகிவிட்டது. கயிறும் மன்னிப்பும் ஒரே ஆளின் கையில் இருந்தால் கயிறு யாரிடம் போகும், மன்னிப்பு யாரிடம் போகும் என்று எங்கள் மக்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. இன்று ஐந்து கிராம் ஐஸ் போதைப்பொருள் வைத்திருந்தாலே மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த ஐந்து கிராமோடு பிடிபடுகிறவன் பெரும்பாலும் கூலிக்குச் சுமந்து போகிற பையன்தான்.

அரபு நாட்டுச் சட்டம் கேட்பவர்களிடம் ஒன்று கேட்கவேண்டும். மூதூர் ரிசானா நபீக்கை மறந்துவிட்டீர்களா? குடும்ப வறுமைக்காக, கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிப் போட்டு சவூதிக்கு அனுப்பப்பட்ட பிள்ளை. 2005 இல், அங்கு போய்ச் சில வாரங்களில், அவளிடம் விட்டுப்போன கைக்குழந்தை இறந்தது. பிறப்புச் சான்றிதழின்படி அவளுக்கு அப்போது 17 வயது. சட்டத்தரணி இல்லை, ஒழுங்காகத் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் இல்லை. அந்த நிலையில், அவள் கொன்றதாக எடுத்த வாக்குமூலத்தை, பால் கொடுக்கும்போது மூச்சுத் திணறியதுதான் நடந்தது என்று சொல்லிப் பிறகு அவள் மறுத்தாள். 2013 ஜனவரி 9 அன்று வாளால் வெட்டினார்கள். கிழக்கு முழுவதும் தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதமில்லாமல் அழுதோம். புரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்குவது சவூதியில் மட்டும் நடக்கும் கதையா? பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிள்ளைகளைச் சிறைக்குக் கொடுத்த எங்கள் வீடுகளில் கேட்டுப் பாருங்கள்.

வைகாசி பிறந்தால் காரைதீவிலும் தம்பிலுவிலிலும் கண்ணகை அம்மன் கதவு திறக்கும். இரவிரவாகக் கண்ணகி வழக்குரை படிப்பார்கள், கடைசியில் குளிர்த்திச் சடங்கு. தட்டானின் பேச்சைக் கேட்டு, விசாரிக்காமல் ஒருவனைக் கொல்லச் சொன்ன அரசனின் கதையைத்தான் தலைமுறை தலைமுறையாக நாங்கள் படித்துவருகிறோம். சிலம்பை உடைத்து அவள் வழக்கை வென்றபோது கோவலன் வெட்டுண்டு கிடந்தான். அந்த அம்மன் முன்னால் கைகட்டி நின்றுவிட்டு வந்து, விசாரணை எதற்கு என்று எழுத எப்படி மனம் வருகிறது?

தண்டனைக்குப் பயந்தால் குற்றம் குறையும் என்கிறார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலய வாசலில் குண்டோடு வந்தவன் சாகத்தான் வந்தான். ஞாயிறு பாடசாலை முடித்து நின்ற குழந்தைகளைக் கொண்டுபோனான். எந்தத் தூக்குமேடை அவனைத் தடுத்திருக்கும்? முன்கூட்டியே வந்த எச்சரிக்கையை உரிய நேரத்தில் கையில் எடுத்திருந்தால் தடுத்திருக்கலாம். மற்றக் குற்றவாளிகள் எல்லாம் அகப்படமாட்டோம் என்ற துணிவில்தான் செய்கிறார்கள். 1992 இல் மயிலந்தனையில் குழந்தைகள் உட்பட முப்பதுக்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்ட வழக்கைக் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். 2002 இல் ஜூரிகள் குற்றஞ்சாட்டப்பட்ட இராணுவத்தினரை விடுதலை செய்தார்கள். தண்டனையின் அளவைப் பற்றிப் பேசும் நிலைக்கே அந்த வழக்கு வரவில்லை.

அப்படியென்றால் கொலைகாரனைக் கொஞ்சுவதா என்று கேட்பீர்கள். இல்லை. மரண தண்டனையைச் சட்டத்திலிருந்தே எடுத்துவிட்டு, அதன் இடத்தில் உண்மையான ஆயுள் தண்டனையை வையுங்கள். குறைந்தது இத்தனை வருடம் என்று நீதிபதி தீர்ப்பு நாளிலேயே சொல்லட்டும், 25 என்றால் 25, 30 என்றால் 30. அதுவரை எந்த ஜனாதிபதியும் அதில் கைவைக்கக்கூடாது. அதன்பின் விடுவதா இல்லையா என்பதைச் சுயாதீனமான ஒரு சபை, இறந்தவரின் குடும்பத்தையும் கூப்பிட்டுக் கேட்டு முடிவுசெய்யட்டும். பிழையாகத் தீர்ப்பளிக்கப்பட்டவன் உயிரோடு இருந்தால்தான் அவனைத் திருப்பி அனுப்பவும் முடியும். கைதி சிறையில் உழைப்பதில் ஒரு பங்கு அந்தக் குடும்பத்துக்குப் போகட்டும். தாயோ தகப்பனோ கொல்லப்பட்ட பிள்ளைகளின் படிப்புச் செலவை அரசாங்கம் ஏற்கட்டும்.

அடுத்த முறை வாக்குக் கேட்டு வருகிறவர் தூக்குமேடை பற்றி மேடையில் முழங்கினால் கைதட்டாதீர்கள். கொலை வழக்குகள் ஏன் வருடக்கணக்காகத் தவணைக்கு மேல் தவணை போகின்றன என்று கேளுங்கள். பொலிஸ் நிலையத்தில் தமிழில் முறைப்பாடு எழுத இரவிலும் ஆள் இருக்கிறாரா, சாட்சி சொன்ன பெண் வீடு திரும்ப யார் பாதுகாப்பு என்று கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.