ஹார்மோன் ஊசி போட்ட மாட்டின் பாலால் சிறுமிகள் முன்கூட்டியே பூப்பெய்துகிறார்களா?

"கறவை மாடுகளுக்குப் போடும் வளர்ச்சி ஹார்மோன் பாலில் இறங்கிச் சிறுமிகளை முன்கூட்டியே பூப்பெய்த வைக்கிறது, அதனால்தான் கனடாவும் ஐரோப்பாவும் அதைத் தடுத்தன" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. தடுத்தது உண்மை, சொல்லப்படும் காரணம் தவறு.

ஆர்பிஎஸ்டி எனப்படும் இந்த ஹார்மோன், பசுவின் பிட்யூட்டரி சுரப்பியில் இயல்பாகச் சுரப்பதை ஒத்த, பாக்டீரியாவைக் கொண்டு தயாரிக்கப்படும் புரதமே தவிர, ஈஸ்ட்ரோஜன் போன்ற பாலியல் ஹார்மோன் அன்று. ஏறத்தாழ 190 அமினோ அமிலங்கள் கோத்த புரதம் என்பதால், பாலிலுள்ள மற்றப் புரதங்களைப் போலவே அதுவும் குடலில் செரித்துச் சிதைந்துவிடும். (மாட்டுக்கே அதைத் தீவனத்தில் கலக்காமல் ஊசியாகப் போடுவது இதனால்தான்.) மனித உடலில் ஹார்மோன்கள் வந்து ஒட்டிச் செயல்படும் இடங்களான ஏற்பிகளும் அதற்கு இசைவதில்லை, 1950களில் வளர்ச்சி குன்றியவர்களுக்கு மாட்டு ஹார்மோனை ஊசியாகவே செலுத்திப் பார்த்தும் பலன் கிட்டவில்லை. பாலில் ஐஜிஎஃப்-1 என்னும், வளர்ச்சியைத் தூண்டும் பொருள் சற்றுக் கூடலாம் என்பது மெய்தான். ஆனால் நம் உடல் தானே சுரக்கும் அளவுக்கு முன் அது மிக அற்பம்.

அமெரிக்கா 1993இல் அனுமதித்த இம்மருந்தைக் கனடா 1999இல் மறுத்தது, மடிநோய் 25 விழுக்காடு வரையிலும் கால் நொண்டும் அபாயம் 50 விழுக்காடு வரையிலும் கூடுவதாகக் கண்டறியப்பட்டதால்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2000இல் விதித்த தடைக்கும் மாடுகளின் நலனே அடிப்படை. மடிநோய் கூடினால் ஆன்டிபயாடிக் பயன்பாடும் கூடும் என்ற கவலை நியாயமானது. பாலில் அதன் எச்சத்தைச் சோதிப்பது அதற்காகத்தான்.