வாசிப்பவருக்கு என்ன வாங்கிக் கொடுப்பது?

அப்பா ஓய்வு பெற்ற நாளில் வீட்டுக்கு வந்த பரிசுகளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறோம். பொன்மொழி அச்சிட்ட பீங்கான் கோப்பைகள், தோல் உறை போட்ட டைரிகள், பித்தளையில் புத்தகக்குறிகள். அவர் நிறைய வாசிப்பவர் என்று தெரிந்து, அன்போடு வாங்கி வந்தவைதான். ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் அப்பா வாசிப்பதே குறைந்துபோனது. மனசு விட்டுப்போச்சு என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். காரணம் மனசு இல்லை, மணிக்கட்டு. ஆயிரம் பக்க நாவலைப் பத்து நிமிடம் பிடித்தாலே வலி. போதாததற்கு, நாற்காலிக்குப் பின்சுவரில் ட்யூப்லைட். அவர் தலை நிழல் பக்கத்தின் மேலேயே விழும்.

பாட்டி தேவாரப் புத்தகத்தை விரித்து வைத்துப் படித்த சிக்குப்பலகை பரணில் கிடந்தது. ஒரே பலகையில், ஆணி இல்லாமல் பெருக்கல் குறி போல விரியும்படி செய்தது. துடைத்து மேசையில் வைத்தோம். கூடவே, மேசை விளிம்பில் கவ்விக்கொள்ளும் சின்ன விளக்கு ஒன்று. அந்த வாரமே அப்பா பாதியில் விட்ட நாவலை எடுத்துவிட்டார்.

அதனால்தான் சொல்கிறேன்: வாசிப்பவருக்குப் பரிசு வாங்கும் முன் அவர் வாசிப்பதை ஒரு நாள் பக்கத்தில் இருந்து பாருங்கள். புத்தகத்தைக் கை நீட்டித் தள்ளிப் பிடிக்கிறாரா? வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டிய எல்லோருக்கும் வருவதுதான். கண் பரிசோதனைக்கு அழைத்துப்போய்க் கண்ணாடி போட்டுக் கொடுங்கள், அதைவிடப் பெரிய பரிசு கிடையாது. எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கக் கிண்டில் என்ற மின்னூல் கருவி நல்ல வழி. தமிழ் நூல்கள் இப்போது அதில் நிறையவே கிடைக்கின்றன. காகித வாசனை இல்லாமல் படிக்க முடியாது என்பவரிடம் மட்டும் திணிக்காதீர்கள்.

புத்தகமே கொடுப்பதானால், முதல் பக்கத்தில் பெயர் எழுதும் முன் அது அவரிடம் இருக்கிறதா என்று வீட்டில் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். 1977-இல் 22 அரங்குகளோடு தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி இன்று நூற்றுக்கணக்கான அரங்குகளாக விரிந்திருக்கிறது. ஜனவரியில் அங்கே அவரையே கூட்டிப்போய், "நீங்க எடுங்க, நான் காசு குடுக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். எந்தத் தலைப்பு பிடிக்கும் என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

பழைய நூல்களைச் சேர்த்து வைத்திருப்பவருக்கு வசம்பைத் துணியில் முடிந்து கொடுங்கள். ஓலைச்சுவடிக் காலத்திலிருந்தே பூச்சிக்கு வைப்பது அதைத்தான். இராமபாணப் பூச்சி அரித்த பக்கத்தைக் கையில் எடுத்தவருக்கு அதன் அருமை புரியும். ஈரத்தை உள்ளே அடைக்கும் பிளாஸ்டிக் உறையை விட, காக்கி அட்டை போட்டுத் தருவது நல்லது.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. வீட்டுக்கும் அது பொருந்தும். குழந்தைகளும் சமையலும் பின்னால் இழுக்கும் ஒரு பெண்ணுக்கு ஞாயிறு காலை மூன்று மணி நேரம் அடுப்படியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். புத்தகம் வைத்திருந்தும் பக்கம் புரட்ட முடியாத எத்தனையோ அக்காக்களை எனக்குத் தெரியும்.

ஊர் ஆசாரியிடம் இன்னொரு சிக்குப்பலகை சொல்லியிருக்கிறேன், பக்கத்துத் தெரு டீச்சரம்மாவுக்கு. அவருக்கு இடது கண்ணில்தான் பார்வை தெளிவு. விளக்கை எந்தப் பக்கம் மாட்டினால் வசதி என்று நாளைக்குப் போய்க் கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும்.