மஞ்சள் பட்டை பற்றிக் கடைசியாக ஒருமுறை

பழைய பிரவுசரில் (இணையப் பக்கங்களைத் திறக்கும் செயலியில்) வருகிறவர்களிடம் "மாற்றுங்கள்" என்று சொல்ல, என் தளத்தின் மேலே ஒரு மஞ்சள் பட்டை போட்டேன். அதன் ஸ்கிரீன்ஷாட்டை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் பட்டைக்குச் சிவப்பு வட்டம் போட்டு, "கார்ப்பரேட் கைக்கூலி" என்று தலைப்பும் வைத்து, குழு குழுவாக அனுப்பியாயிற்று. யார் அனுப்பியது, யார் யார் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டார்கள் என்பதையும் பார்த்தேன். நன்றி.

என் கருத்தை நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். பழைய பிரவுசரில் வருகிறவரை மாற்றச் சொல்லித் தள்ளத்தான் வேண்டும். ஒருமுறை சொல்லிக் கேட்காவிட்டால் மறுபடியும் சொல்ல வேண்டும். எரிச்சல் வருகிற வரைக்கும் சொல்ல வேண்டும்.

"அவரவர் இஷ்டம், உங்களுக்கு என்ன?" என்று கேட்பவர்கள் ஐஇ 6 காலத்தில் இந்தத் தொழிலில் இல்லாதவர்கள். ஐஇ 6 என்றால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6, மைக்ரோசாஃப்டின் பிரவுசர். 2001-இல் வந்தது. போட்டி பிரவுசரான நெட்ஸ்கேப்பைச் சாய்த்துவிட்ட தெம்பில் அடுத்த பதிப்பை 2006 வரை மைக்ரோசாஃப்ட் வெளியிடவே இல்லை. அது வந்த பிறகும் ஆபீஸ்களை விட்டு 6 போகவில்லை. தளத்தில் சில பெட்டிகளுக்கு இடப்பக்கம் விட்ட இடைவெளியை அதுவாகவே இரட்டிப்பாக்கும். பின்புலம் இல்லாத பிஎன்ஜி படத்தைப் போட்டால் சுற்றிலும் சாம்பல் கட்டம் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு க்ளையண்ட்டின் எம்.டி. அறையில் மட்டும் லோகோ இப்படித் தெரிந்தது. மற்ற எல்லாருக்கும் சரியாகத்தான் வந்தது. அவருடைய கம்ப்யூட்டரைத் தொட்டு பிரவுசரை மாற்ற அந்த ஆபீஸில் ஒருவருக்கும் தைரியம் இல்லை. அதனால் தளத்தை மாற்றச் சொன்னார்கள். என் நிச்சயதார்த்தத்தன்று சாயங்காலம்கூட அந்தச் சாம்பல் கட்டத்தோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

பட்டை போட்டால் யார் கேட்பார்கள் என்கிறார்கள். கேட்பார்கள். 2009-இல் யூடியூபில் சில பொறியாளர்கள் மேலே யாரிடமும் அனுமதி வாங்காமல், ஐஇ 6-இல் வருகிறவர்களுக்கு மட்டும் "இந்த பிரவுசருக்கான ஆதரவை விரைவில் நிறுத்தப்போகிறோம்" என்று ஒரு பட்டையைச் செருகிவிட்டார்கள். அவர்களில் ஒருவரான கிறிஸ் சகாரியாஸ் 2019-இல்தான் இந்தக் கதையை வெளியே சொன்னார். ஒரே மாதத்தில் யூடியூபின் ஐஇ 6 கூட்டம் பாதியாகக் குறைந்ததாம். கெஞ்சினபோது அசையாதவர்கள் பட்டைக்கு அசைந்தார்கள். 2011-இல் மைக்ரோசாஃப்டே தன் சொந்தப் பிள்ளையை ஒழிக்கத் தனியாக ஒரு தளம் திறந்தது. அவர்களையும் கைக்கூலி என்பீர்களா?

அழகுக்காகச் சொல்லவில்லை. கூகுள் மீது நடந்ததாக 2010 ஜனவரியில் வெளியே தெரிந்த தாக்குதல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் இருந்த பாதுகாப்பு ஓட்டை வழியாக நடந்தது என்று தெரிந்ததும், ஜெர்மனி, பிரான்ஸ் அரசுகளின் பாதுகாப்பு அமைப்புகளே கொஞ்ச நாள் அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று மக்களிடம் சொல்லின. 2023 செப்டம்பரில் வெப்பி (WebP) என்ற வகைப் படங்களைத் திறக்கும் நிரலில் ஒரு ஓட்டை கண்டுபிடித்தார்கள். எதையும் டவுன்லோட் செய்ய வேண்டாம், படம் இருக்கும் பக்கத்தைத் திறந்தாலே போதும். குரோமும் ஃபயர்பாக்ஸும் உடனே அடைத்துவிட்டன. அப்டேட் செய்தவர்களுக்கு மட்டும்தான் ஓட்டை அடைபட்டது. கேஸ் போடுகிற பையன் "ட்யூப் காலாவதி ஆயிடுச்சு, மாத்துங்க" என்றால் அவனை ட்யூப் கம்பெனி ஏஜென்ட் என்றா திட்டுகிறோம்?

"எல்லாம் புதுசு வாங்க வைக்கிற தந்திரம்" என்று ஒருவர். 2016-இல் விண்டோஸ் 10-க்கு மாறச் சொல்லும் பெட்டியை எக்ஸ் அழுத்தி மூடினாலும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்களே, அது அயோக்கியத்தனம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் பட்டையில் எக்ஸ் அழுத்தினால் மூடும். அழுத்திப் பார்த்தீர்களா?

"பென்ஷன்காரர் பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார், அவர் எங்கே போவார்?" என்று இன்னொருவர். நியாயமான கேள்விதான். பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்களுக்கு குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. ஆனால் அதற்குப் பிறகும் ஃபயர்பாக்ஸ் 115-இன் நீண்டகாலப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருந்தன. இலவசம். பட்டையில் நான் கொடுத்திருந்த இணைப்பே அதற்குத்தான் போகிறது. வட்டம் போட நேரம் இருந்தது, வட்டத்துக்குள் இருப்பதைப் படிக்க நேரம் இல்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். ஒரு பெரிய நிறுவனத்தின் தளம் பழைய பிரவுசரைப் பார்த்ததும் உள்ளேயே விடாமல் கதவைச் சாத்தினால், "பாதுகாப்புக்காகத்தான்" என்று வாயை மூடிக்கொண்டு புது போன் வாங்கப் போகிறோம். நான் யாரையும் தடுக்கவில்லை. தளம் அப்படியே திறக்கிறது, மேலே ஒரே ஒரு வரி. கைக்கூலிப் பட்டம் எனக்கு. பெரிய ஆளிடம் பேச முடியாத கோபத்தை எல்லாம் தெரிந்த பையனிடம் காட்டுவது நம் ஊரில் புதிதில்லை.

தெரிந்த பையன் என்றால் அப்படித்தான். ராத்திரி பதினொரு மணிக்கு "தம்பி, திரை பூரா ஏதோ விளம்பரமா வருதுப்பா" என்று போன் வரும். முகவரிப் பட்டைக்குக் கீழே திரையில் பாதிக்கு டூல்பார்களாக ஏறி உட்கார்ந்திருக்கும். எல்லாவற்றையும் கழற்றி, புது பிரவுசர் போட்டு, புக்மார்க் எல்லாம் மாற்றிக் கொடுத்தால், "பழசு மாதிரி இல்லையே, கெடுத்துட்டியே" என்பார்கள். காசு வாங்கியதில்லை. வாங்கியிருந்தால் ஒருவேளை மதித்திருப்பார்கள்.

அந்த ஸ்கிரீன்ஷாட்டை முதலில் அனுப்பியது என் மாமாதான் என்பது குழுவில் பலருக்குத் தெரியும். அவர் பெயரைச் சொல்லமாட்டேன், அவருக்குப் புரியும். பொங்கலுக்கு வரும்போது வழக்கம்போல அந்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருவார். பார்த்துக் கொடுக்கமாட்டேன் என்று சொல்லவில்லை மாமா. ஆனால் அதே குழுவில், அதே ஆட்கள் முன்னால், "தெரியாமல் அனுப்பிவிட்டேன்" என்று ஒரு வரி போட்ட பிறகுதான் சார்ஜரையே வாங்கி வைப்பேன்.