ஒரு 'நீ', 14 மாதம்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 23 பேர். ஒரு நாள் ராத்திரி பதினொன்றரை மணிக்கு அந்தக் குழுவில் என் அண்ணனுக்கு நான் எழுதிய வரி இது: "நீ சொந்தமா யோசிச்சு எத்தனை வருஷம் ஆச்சு? தலைவர் சொன்னா கிணத்துலயும் குதிப்பியா?"

அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவர். நினைவு தெரிந்த நாளிலிருந்து அவரை 'நீங்க' என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் முறையாக 'நீ'. எழுதும்போது எனக்கே அது உறைக்கவில்லை. விரல் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிடம் கழித்து, திரையின் நடுவில் சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு வரி வந்தது. அண்ணன் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார்.

அதற்கப்புறம் 14 மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

எந்தக் கட்சி, எந்தத் தலைவர், யார் பக்கம் நியாயம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் பாதிப் பேர் என் பக்கமும் மீதிப் பேர் அண்ணன் பக்கமும் நின்று அதே சண்டையைக் கீழே தொடர்வீர்கள். சொல்ல வந்தது வேறு. அன்றைக்கு நான் சொன்ன கருத்து சரி என்றுதான் இன்றும் நம்புகிறேன். கருத்து சரியாக இருந்ததாலேயே சொன்ன விதமும் சரி என்று நினைத்துவிட்டேன். அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு 14 மாதம் பிடித்தது.

அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணனுக்கு ஒரு போன் போடுவார், அப்புறம் எனக்கு ஒன்று. "அண்ணன் நல்லா இருக்கானாம். முட்டி வலி கொஞ்சம் குறைஞ்சிருக்காம். பாப்பாவுக்குப் பரீட்சை வருதாம்." நான் கேட்கவே மாட்டேன், அவராகவே சொல்வார். அங்கேயும் அதே மாதிரி, "தம்பிக்கு வேலை ஜாஸ்தியாம், சரியாத் தூங்கறதில்லையாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது. இந்த 'ஆம்', 'ஆம்' என்று முடியும் வாக்கியங்களில்தான் 14 மாதம் எங்கள் உறவு உயிரோடு இருந்தது. எழுபது தாண்டிய ஒரு பெண்மணியை இரண்டு வளர்ந்த பிள்ளைகள் தூதுவராக்கி வைத்திருந்தோம். இதை எழுதும்போது இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவில் ஒரே கேள்வியை 50 வருட இடைவெளியில் கேட்டிருக்கிறார்கள்: உங்கள் பிள்ளை எதிர்க்கட்சிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டால் வருத்தப்படுவீர்களா? 1960-ல் இரண்டு பெரிய கட்சிகளிலும் நூற்றுக்கு நாலைந்து பேர்தான் ஆமாம் என்றார்கள். 2010-ல் கேட்டபோது குடியரசுக் கட்சிக்காரர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர், ஜனநாயகக் கட்சிக்காரர்களில் மூன்றில் ஒருவர் ஆமாம் என்றார்கள். எதிர்க்கட்சியின் கொள்கை பிடிக்காமல் போவது வேறு. அந்தக் கட்சிக்காரர் நம் வீட்டு வாசலுக்கே வரக் கூடாது என்று தோன்றுவது வேறு. கட்சி ஒரு விருப்பமாக இருந்த காலம் போய், ஆளின் குணத்துக்கே சான்றிதழாக மாறிவிட்டது.

அண்ணன் மகள் கல்லூரியில் படிக்கிறாள். அந்த 23 பேரில் அவளும் ஒருத்தி. சண்டை நடந்து பல மாதம் கழித்து வேறு எதற்கோ போன் செய்தவள், வைக்கும் முன்னால் சொன்னாள்: "கட்சியைப் பத்தி நீங்க சொன்னதுக்கெல்லாம் அப்பா கோபப்படல சித்தப்பா. 'என்னைப் போய் நீன்னுட்டான் பாரு'ன்னு அதையேதான் சொல்லிட்டு இருந்தார்."

நான் அதுவரை என்ன நினைத்திருந்தேன் தெரியுமா? என் வாதத்துக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் அவர் ஓடிவிட்டார் என்று.

ஜான் காட்மன் என்ற உளவியலாளர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பல வருடங்கள் கணவன் மனைவி சண்டைகளைக் கூர்ந்து கவனித்தவர். மணமுறிவில் போய் முடியும் என்று காட்டும் அறிகுறிகளில் அவர் முதலிடம் கொடுப்பது ஏளனத்துக்கு. சண்டை எல்லா வீட்டிலும் இருக்கிறது. எதிரில் இருப்பவரைத் தனக்குக் கீழே வைத்துப் பேச ஆரம்பிக்கும்போதுதான் உறவு அறுந்துபோகிறது. தம்பதிகளைப் பற்றி அவர் சொன்னது அண்ணன் தம்பிக்கும் அப்பா மகளுக்கும் பொருந்தும் என்றே எனக்குத் தோன்றுகிறது. பெரும்பாலான வீடுகளில் உடைத்தது கருத்து இல்லை. "உன்னை மாதிரி ஆளுங்களாலதான் நாடு இப்படி இருக்கு" என்ற ஒரு வாக்கியம். "படிச்சவன்தானே நீ?" என்ற ஒரு கேள்வி. பதில் எழுதாமல் அனுப்பிய ஒரு சிரிப்பு எமோஜி.

இன்னொன்றும் நடக்கிறது. பேச்சு நின்றுபோனால் அந்த ஆளைப் பற்றிய படத்தை நாமே வரைய ஆரம்பித்துவிடுகிறோம். என் மனதில் இருந்த அண்ணனுக்குத் தொலைக்காட்சி விவாதத்தில் கத்துகிறவரின் முகம் வந்துவிட்டது. அவர் கட்சியில் யார் எதை உளறினாலும் அது அண்ணன் சொன்னதாகவே எனக்குக் கேட்டது. 2019-ல் 'மோர் இன் காமன்' என்ற அமைப்பு அமெரிக்காவில் நடத்திய ஆய்வில், இரண்டு கட்சிக்காரர்களுமே எதிர்ப்பக்கத்தில் தீவிரக் கருத்து உள்ளவர்கள் உண்மையில் இருப்பதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டிருந்தார்கள். அதைப் படித்தபோது அண்ணனோடு 14 மாதமாக மனதுக்குள் நடத்திய வாதங்கள் எல்லாம் ஞாபகம் வந்தன. அவற்றில் ஒன்றில்கூட உண்மையான அண்ணன் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பெஞ்சமின் பிராங்க்ளினைப் பற்றியும் படித்தேன். மின்னல், பட்டம், இடிதாங்கி என்று பள்ளிக்கூடத்தில் படித்த அதே பிராங்க்ளின். அமெரிக்க விடுதலைப் போரில் அவர் பிரிட்டனை எதிர்த்து நின்றார். அவருடைய மகன் வில்லியம் நியூ ஜெர்சியில் பிரிட்டிஷ் மன்னரின் ஆளுநராக இருந்தார், மன்னர் பக்கமே நின்றார். 1776-ல் மகனைக் கைது செய்தார்கள். சிறையில் இருக்கும்போதே 1777-ல் வில்லியத்தின் மனைவி இறந்துபோனார். போய்ப் பார்க்கக்கூட அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. போர் முடிந்து 1784-ல் மகன்தான் முதலில் சமாதானம் கேட்டுக் கடிதம் எழுதினார். அப்பாவும் பதில் எழுதினார். முதுமையில் ஒரே மகன் தன்னைக் கைவிட்டு எதிராக நின்றதைப் போல வேறு எதுவும் தன்னை வருத்தியதில்லை என்றும், அரசியல் கடமைக்கு முன்னால் ரத்த பந்தத்தின் கடமை ஒன்று இருக்கிறது என்றும் அதில் இருக்கிறது. மறுவருடம் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் சில நாள் சந்தித்தார்கள். அந்தச் சில நாளும் நிலம், கடன், கணக்கு என்றே போனது. அதற்குப் பிறகு அவர்கள் பார்த்துக்கொள்ளவே இல்லை. 1790-ல் பிராங்க்ளின் இறந்தபோது உயிலில் மகனுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் எழுதி வைத்திருந்தார். போரில் தனக்கு எதிராக அவன் நடந்துகொண்டதே காரணம் என்று அந்த உயிலிலேயே குறிப்பிட்டிருக்கிறார்.

ஒரு நாட்டுக்காக எத்தனையோ பேச்சுவார்த்தை நடத்தி உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்ட மனிதர் அவர். ரத்த பந்தம் முதலில் என்று அவர் எழுதியது உண்மைதான். ஆனால் அதை மகனிடம் கேட்டார், தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. நானும் 14 மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். 'அண்ணன்தானே பெரியவர், அவர் கூப்பிடட்டுமே' என்று.

சரி, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். முதல் தடவை எழுதியது: "மன்னிச்சிடுங்க அண்ணே, ஆனா நீங்களும் அன்னைக்கு…" அந்த 'ஆனா'வைப் பார்த்ததும் அழித்துவிட்டேன். இரண்டாவது தடவை, "உங்க மனசு புண்பட்டிருந்தா மன்னிச்சிடுங்க" என்று வந்தது. அதுவும் வேண்டாம். புண்பட்டிருந்தால் என்ன, புண்பட்டதுதான் எனக்குத் தெரியுமே. கடைசியில் அனுப்பியது இது:

"அண்ணே, அன்னைக்கு எல்லார் முன்னாடியும் உங்களை நீன்னு எழுதினேன். சொந்தமா யோசிக்கத் தெரியாதவர்னு சொன்னேன். அது தப்பு. மன்னிச்சிடுங்க. அரசியல்ல நம்ம ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகாது, அது அப்படியே இருக்கட்டும்."

அனுப்பிவிட்டு என் மனைவியிடம் காட்டினேன். படித்துவிட்டு அவள் கேட்ட கேள்வி, "திட்டினது 23 பேர் முன்னாடி, மன்னிப்பு மட்டும் தனியா காதுக்குள்ளயா?" அன்று இரவே அதே வரிகளைக் குழுவிலும் போட்டேன். அண்ணன் அதில் இல்லை, ஆனால் பார்த்தவர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். உண்மையைச் சொன்னால், அவருக்கு அனுப்பியதைவிட அது நூறு மடங்கு கஷ்டமாக இருந்தது.

நீல டிக் விழுந்தது. ஒன்பது நாள் பதில் இல்லை. பத்தாம் நாள் வந்தது: "அப்பாவுக்கு 12-ஆம் தேதி கண் ஆபரேஷன். நீ வர்றியா?"

மன்னித்தேன் என்று அவர் எழுதவில்லை. தானும் ஏதோ சொல்லிவிட்டதாக ஒப்புக்கொள்ளவும் இல்லை. இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கார்ல் பில்லமர் என்ற சமூகவியலாளர், உறவு முறிந்து பிறகு ஒட்டிய பலரிடம் பேசிப் பார்த்திருக்கிறார். நடந்தது என்ன என்பதில் எதிராளி தன் கணக்கை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டவர்கள்தான் பெரும்பாலும் திரும்பச் சேர்ந்தார்கள் என்கிறார். எனக்கும் அதுதான் நடந்தது. அன்றைக்கு யார் ஆரம்பித்தது என்பதில் எங்கள் வீட்டில் இப்போதும் இரண்டு கணக்கு உண்டு.

ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் கூடத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதில் அப்பாவின் பை. எதிரே சுவரில் டிவி. செய்தி ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் இல்லாமல். ஒரு கட்டத்தில் அந்தத் தலைவரின் முகம் திரை முழுக்க வந்தது. நான் பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டேன். அண்ணன் எழுந்து, "வா, கொஞ்சம் நடந்துட்டு வரலாம்" என்றார்.

அந்த நடையில் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். அது என் சொந்தக் கேள்வி இல்லை. 2016 டிசம்பரில், அமெரிக்க அதிபர் தேர்தல் முடிந்த கையோடு, ஒஹையோவில் டிரம்ப்புக்கு ஓட்டுப் போட்ட 10 பேரும் கிளின்டனுக்கு ஓட்டுப் போட்ட 11 பேரும் ஒரு வாரக் கடைசியைச் சேர்ந்து கழித்தார்கள். 'பிரேவர் ஏஞ்சல்ஸ்' என்ற அமைப்பு அங்கிருந்து வளர்ந்ததுதான். அதன் கூட்டங்களை வடிவமைத்த பில் டோஹர்ட்டி குடும்ப ஆலோசகர், உடையப் போகும் திருமணங்களில் வேலை செய்தவர். அங்கே ஒரு பக்கம் பேசும்போது இன்னொரு பக்கம் சுற்றி உட்கார்ந்து கேட்க மட்டும் வேண்டும். பேசுகிறவர்களுக்கு இரண்டு கேள்வி. உங்கள் பக்கத்தின் கொள்கை நாட்டுக்கு ஏன் நல்லது? உங்கள் பக்கத்தைப் பற்றி உங்களுக்கே இருக்கும் மனக்குறை என்ன?

இரண்டாவதைத்தான் கேட்டேன். "உங்க கட்சியில உங்களுக்கே பிடிக்காதது எதாவது இருக்கா அண்ணே?"

நின்றுவிட்டார். அப்புறம் பத்து நிமிடம் பேசினார். நான் அந்தக் கட்சியைத் திட்டும்போது சொல்லும் நாலு விஷயத்தில் இரண்டை அவரே சொன்னார், என்னைவிட விவரமாக, என்னைவிட அதிக வலியோடு. வெளியிலிருந்து ஒருவன் கல் எறிந்ததால்தான் அவர் இத்தனை நாள் அந்தச் சுவருக்குக் காவல் நின்றிருக்கிறார். "சரி, உனக்கு?" என்று திருப்பிக் கேட்டபோது நான் தடுமாறிப்போனேன். என் பக்கத்தின் தப்பை வாய்விட்டுச் சொல்லிப் பல வருடம் ஆகியிருந்தது.

அவர் ஓட்டு மாறவில்லை. என்னுடையதும் மாறவில்லை. அவர் மாற வேண்டும் என்ற ஆசை எனக்கு இன்னும் போகவில்லை, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அதற்கும் இதுதான் வழி என்று தோன்றுகிறது. 2016-ல் வெளியான ஒரு ஆய்வு இருக்கிறது. மயாமியில் வீடு வீடாகப் போய், திருநர்களைப் பற்றி எந்தத் தீர்ப்பும் சொல்லாமல், வீட்டுக்காரரின் சொந்த அனுபவத்தைக் கேட்டுப் பத்து நிமிடம் பேசியிருக்கிறார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் அவர்களிடம் வெறுப்பு குறைந்தே இருந்தது. பத்து நிமிடம்தான். எங்கள் குழுவில் நாங்கள் மூன்று வருடம் ஃபார்வர்டு போட்டுக்கொண்டோம். யாரும் ஒரு அங்குலம் நகரவில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எல்லா முறிவும் ஒட்டப்பட வேண்டியது இல்லை. மருமகளின் பிறப்பையே இழிவாகப் பேசுவதும், பிள்ளை யாராக இருக்கிறானோ அதையே அருவருப்பு என்பதும் அரசியல் கருத்து வேறுபாடு என்ற கணக்கில் வராது. அங்கே விலகி நிற்பது தற்காப்பு. 'பெரியவர் ஏதோ சொல்லிட்டார், நீதான் அனுசரிச்சுப் போகணும்' என்று எப்போதும் ஒரே ஆளிடம், அதுவும் வீட்டிலேயே குரல் குறைந்தவரிடம் போய்ச் சொல்கிறோமே, அதற்குச் சமாதானம் என்று பெயர் வைக்காதீர்கள். நான் எழுதுவது எங்களைப் போன்றவர்களுக்கு. இரண்டு பேருக்கும் காயம் உண்டு, இரண்டு பேருக்கும் அடித்த கையும் உண்டு, யாருடைய இருப்பும் கேள்விக்குள்ளாகவில்லை. அப்படியும் பேசாமல் இருக்கிறோம்.

குழுவில் இப்போது அரசியல் கிடையாது. யாரும் சட்டம் போடவில்லை, தானாக நின்றுவிட்டது. பேச வேண்டும் என்றால் அண்ணனும் நானும் போனில் பேசுகிறோம். குரலில் பேசும்போது 'நீ' என்று வாயில் வருவதில்லை. போன தடவை குரல் கொஞ்சம் உயர்ந்தபோது, "இன்னைக்கு இது போதும், நாளைக்குப் பேசலாம்" என்று அவர்தான் வைத்தார். மறுநாள் கூப்பிட்டார்.

அவர் மகள்தான் அவரைத் திரும்பக் குழுவில் சேர்த்தாள். நாலு நாள் ஒன்றும் எழுதவில்லை. ஐந்தாம் நாள் அப்பாவின் கண் சொட்டு மருந்துப் பட்டியலை, எந்த மருந்து எத்தனை மணிக்கு என்று தன் கையால் எழுதி, படம் எடுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போன் இப்போது ஒன்றுதான். மூன்று பேரும் ஒரே அழைப்பில் இருப்போம். போன வாரம் அம்மா பேச ஆரம்பித்ததும் பழக்கத்தில், "அண்ணன் நல்லா இருக்கானாம்டா, முட்டி வலி…" என்றார்.

"அம்மா, நானும் லைன்லதான் இருக்கேன்" என்றார் அண்ணன்.